இரங்கல் செய்தியும் இரண்டு டீயும்

மதுரையில் ஒரு தமிழ் நாளிதழின் இரவு மேஜையில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் போனது. சினிமாப் பக்கமும் விளையாட்டுப் பக்கமும் என் பொறுப்பு. இந்த இரண்டையும் பார்ப்பவன் தலையில் யாரும் சொல்லாமலே இன்னொரு வேலையும் வந்து விழும்: பிரபலங்களின் சாவு. நடிகர் இறந்தாலும் நான்தான், நாலாவது வரிசையில் இறங்கி ஆடியவர் இறந்தாலும் நான்தான். அதுவும் பக்கம் முடித்து, சட்டையை உதறி மாட்டி, பைக் சாவியைத் தேடும்போதுதான் போன் வரும்.

இரங்கல் அறிக்கைகள் பேக்ஸில் வந்த காலத்தையும் பார்த்திருக்கிறேன், வாட்ஸ்அப்பில் வரும் காலத்தையும் பார்த்துவிட்டேன். மாறியது வழிதான், வாசகம் மாறவில்லை. அதிர்ச்சியும் வேதனையும் அடைந்தேன், ஈடு செய்ய முடியாத இழப்பு, குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கல். நாதஸ்வர வித்வானுக்கும் அதேதான், கபடி வீரருக்கும் அதேதான். ஒருமுறை ஒரு பிரமுகரின் அறிக்கை வந்தது. மேலே புதிதாக இறந்தவர் பெயர், கடைசி வரியில் போன மாதம் இறந்தவரின் குடும்பத்துக்கு ஆறுதல். உதவியாளர் அவசரத்தில் ஒரே ஒரு இடத்தில் பெயர் மாற்ற விட்டுவிட்டார். நாங்கள் திருத்தித்தான் போட்டோம். பிரமுகருக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை சிம்மக்கல் பக்கம் டீக்கடைக்கு வந்தால் காற்று வேறு மாதிரி அடிக்கும். அங்கே இறந்தவரைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ‘ஒரு பெரிய மனுஷன் போயிட்டாரு, இப்படியாண்ணே இளிச்சுக்கிட்டு நிக்கிறது?’ என்று என்னிடமே கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இறந்தவரை உண்மையாகவே தெரிந்துவைத்திருப்பவர்கள் அந்தப் பெஞ்சில் இருப்பவர்கள்தான். அறிக்கை விடுபவருக்கு அவர் நடித்த ஒரு படத்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

2013ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பி.பி.ஸ்ரீநிவாஸ் போனார், மே மாதம் டி.எம்.சௌந்தரராஜன், ஜூலையில் வாலி. டி.எம்.எஸ். மதுரைக்காரர், சௌராஷ்டிரத் தெருக்களில் வளர்ந்தவர் என்பதால் எங்கள் கடையில் துக்கம் கொஞ்சம் கூடுதல். வாலி போன அன்றைக்கு டீ மாஸ்டர் கண்ணாடி டம்ளரை ஓங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “எமனுக்கு மேல ஒரு கச்சேரி வைக்கணும்னு ஆசை வந்திருச்சுண்ணே. பாடுறதுக்கு ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போனான். பாட்டு எழுத ஆள் வேணாமா?” இரண்டு வருடம் கழித்து எம்.எஸ்.வி. போனபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். இசையமைப்பாளர் வந்து சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். இதைவிடப் பொருத்தமான இரங்கலை அந்த மூன்று வருடத்தில் நான் அச்சில் ஏற்றியதாக நினைவில்லை.

2016 டிசம்பர் 5ஆம் தேதி ஜெயலலிதா மறைந்தார். 7ஆம் தேதி சோ ராமசாமி. அதே சென்னை, அதே ஆஸ்பத்திரி. ‘அம்மா போன இடத்துலயும் ஆலோசனை சொல்ல ஆள் இல்லாம தவிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க’ என்று எங்கள் சலூன்காரர் சொன்னார். பக்கத்தில் இருந்த கட்சிக்காரர் முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். முதல்வர், பிரதமர் என்று பார்க்காமல் எல்லோரையும் நையாண்டி செய்த பத்திரிகையாளர் சோ. தன்னைப் பற்றி இப்படி ஒன்று கிடைத்திருந்தால் தன் துக்ளக் பத்திரிகையில் அவரே போட்டிருப்பார் என்பது என் துணிபு.

கிரிக்கெட்காரர்கள் கதை வேறு. அங்கே வயதே ஸ்கோர். டான் பிராட்மேன் 2001 பிப்ரவரியில் இறந்தபோது வயது 92. 1948இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸில் நாலே நாலு ரன் எடுத்திருந்தால் சராசரி நூறாகியிருக்கும். எரிக் ஹோலீஸ் இரண்டாவது பந்தில் டக் அவுட் ஆக்கினார், 99.94இல் நின்றுபோனது. வயதிலும் தொண்ணூறுகளில் அவுட் ஆகிவிட்டாரே என்று எங்கள் டெஸ்க்கில் ஒருவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அந்த வருத்தம் தலைப்பாக வரவேண்டியது. ஆசிரியர் விடவில்லை.

ஃபிராங்க் டக்வொர்த் 2024 ஜூனில் போனார். டோனி லூயிஸ் அதற்கு நாலு வருடம் முன்பே போய்விட்டார். மழை பெய்தால் எத்தனை ஓவருக்கு எத்தனை ரன் என்று கணக்குப் போட்ட இரட்டையர். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டது. மழை நின்று ஆட்டம் மறுபடி தொடங்கியபோது ஒரே பந்தில் 21 ரன் எடு என்றார்கள். அந்த அநியாயத்துக்குப் பரிகாரமாகப் பிறந்ததுதான் இவர்கள் கணக்கு. டக்வொர்த் இறந்த செய்தி வெளியே வந்த நேரத்தில் டி20 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் வங்கதேசத்தை அதே கணக்கின்படி 8 ரன்னில் வென்று அரையிறுதிக்குப் போயிருந்தது. கடையில் கேள்வி இதுதான்: “84 வயசுங்கிறது அவர் அடிச்சதா, இல்ல மழை வந்து குறைச்சதா?” சிரித்து முடித்த பிறகு ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் அந்தக் கணக்கை எங்களுக்கு விளக்க ஆரம்பித்தார். கையில் மிச்சம் உள்ள ஓவர், மிச்சம் உள்ள விக்கெட், இரண்டும் சேர்ந்துதான் ஓர் அணியின் கையிருப்பு. அரை மணி நேரம். வடை ஆறிப்போனது. எந்தப் பல்கலைக்கழகம் டக்வொர்த்துக்கு அன்றைக்கு இப்படி ஓர் அஞ்சலிக் கூட்டம் நடத்தியிருக்கும்?

சாவு வீட்டில் சிரிப்பு நமக்குப் புதிதும் இல்லை. பேரன் பேத்தி எடுத்தவர் போனால் கல்யாணச் சாவு என்போம். தப்பு அடிக்க, ஆட்டம் போட, வெடி வெடிக்கத்தான் வழியனுப்புவோம். ஒப்பாரியிலேயே மாமியாருக்கு ஒரு குத்தல், மருமகனுக்கு ஒரு குத்தல் இருக்கும். எங்கள் மதுரைக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இறந்தவர் கூலிங்கிளாஸ் போட்டுக் கார் மேல் சாய்ந்து நிற்பார், கீழே பங்காளிகள் எல்லோரும் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிரபலம் இறந்தால் மட்டும் வாயில் விரலை வைத்துக்கொள் என்றால் எப்படி?

விஜயகாந்த் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்க்காரர். மதுரையில் அப்பாவின் அரிசி ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்த விஜயராஜ்தான் சென்னை போய் விஜயகாந்த் ஆனார். ‘நரசிம்மா’வில் மின்சாரம் வைத்துச் சித்திரவதை செய்தால் கரண்டுக்கே ஷாக் அடிக்கும். ‘ரமணா’வில் புள்ளிவிவரம் மூச்சு விடாமல் கொட்டும். இந்தக் காட்சிகளை வைத்து அவரைக் கிண்டல் செய்யாத கல்லூரி மாணவன் தமிழ்நாட்டில் இல்லை. 2011இல் எதிர்க்கட்சித் தலைவரானார், அப்புறம் உடம்பு முடியாமல் போய்ப் பேச்சு குழறியது. அதையும் வெட்டி ஒட்டி மீம் போட்டார்கள்.

2023 டிசம்பர் 28 காலையில் அவர் இறந்ததும் அதே கைகள் கண்ணீர் வடித்தன. உடனே ஒரு கூட்டம் கிளம்பியது: உயிரோடு இருக்கும்போது கேலி செய்தவர்களுக்கு அழ என்ன யோக்யதை என்று. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். உடம்பு முடியாதவரின் பேச்சைக் கேலி செய்தது அயோக்கியத்தனம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் கரண்டு ஷாக் கிண்டல் வேறு ரகம். அந்தக் காட்சி நினைவில் இருக்கிறது என்றால் படத்தைப் பார்த்திருக்கிறான், திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான், அண்ணன் தம்பியோடு சேர்ந்து நடித்துக் காட்டியிருக்கிறான் என்று பொருள். பிடிக்காத நடிகரை யாரும் கிண்டல் செய்வதில்லை, சேனலை மாற்றிவிடுவார்கள்.

அவர் இறந்த மறுநாள் கடையில் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. முதலில் கரண்டு ஷாக்கில்தான் தொடங்கியது. அதிலிருந்து சாப்பாட்டுக்குப் போனது: படப்பிடிப்பில் ஹீரோவுக்கு என்ன இலையோ அதேதான் லைட்மேனுக்கும் என்று அவர் வைத்த ஏற்பாடு. பிறகு நடிகர் சங்கக் கடனை அவர் தலைவராக இருந்து அடைத்த கதை. கடைசியில், எப்போதும் வாயைத் திறக்காத பால்காரர் ஒருவர், ‘கல்யாணத்துக்கு முன்னாடி நானும் என் கொழுந்தியா புருஷனும் ஒண்ணாப் பார்த்த ஒரே படம் சின்னக் கவுண்டர்’ என்றார். யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். சிரிப்பில் தொடங்கியதால்தான் பேச்சு அவ்வளவு தூரம் வந்தது. மௌன அஞ்சலி செலுத்தியிருந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லோரும் வாட்சைப் பார்த்திருப்போம்.

அவர் போன ஒன்பதாவது மாதம் ‘லப்பர் பந்து’ வந்தது. ஊர்க் கிரிக்கெட்டைப் பற்றிய படம். அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கும்போது ‘பொன்மனச்செல்வன்’ படத்தின் இளையராஜா பாட்டு ஒலிக்கும். அந்தப் பாத்திரம் விஜயகாந்த் ரசிகர். தியேட்டரில் விசில் காதைக் கிழித்தது. 1989இல் அந்தப் பாட்டு வந்த படம் வெளியானபோது, எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த பையன்களின் அப்பா அம்மாவுக்கே கல்யாணம் ஆகியிருக்காது. கோயம்பேட்டில் அவர் நினைவிடத்தில் தினமும் சாப்பாடு போடுகிறார்கள். பத்ம பூஷண் விருதும் இறந்த பிறகு வந்தது. எல்லாம் நல்லதுதான். என்னைக் கேட்டால் அந்த விசிலுக்குத்தான் முதல் மார்க்.

நடிகர் மாரிமுத்துவும் அப்படித்தான். தேனிப் பக்கத்து வருசநாட்டு மண்ணிலிருந்து வந்து, இரண்டு படம் இயக்கி, பேர் வாங்கியது என்னவோ ‘எதிர்நீச்சல்’ சீரியலின் ஆதி குணசேகரனாக. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை அதே சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். என் வீட்டம்மாவும் பக்கத்து வீட்டம்மாவும் வாசலில் நின்று அவர் மாதிரியே ‘இந்தாம்மா ஏய்’ என்று அதட்டிக் காட்டிச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தினமும் ராத்திரி அவரைத் திட்டித் தீர்த்தவர்கள் இவர்கள். ஒரு வில்லனுக்கு இதற்கு மேல் என்ன விருது வேண்டும்?

ஷேன் வார்ன் இறந்தது 2022 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் காலையில் ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் இறந்திருந்தார். மார்ஷுக்கு வார்ன் ட்விட்டரில் இரங்கல் போட்டார். சில மணி நேரத்தில் தாய்லாந்தின் கோ சாமுய் தீவில் வார்னே இல்லை. வயது 52. சனிப் பிணம் தனிப் போகாது என்பார்கள். இங்கே வெள்ளிக்கிழமையே துணை தேடிக்கொண்டது. ‘பாத்தியா, நம்ம பெரியவங்க சொன்னது’ என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் மறுத்தேன். பிரபலங்கள் சேர்ந்தாற்போல் போகிறார்கள் என்று தோன்றுவதெல்லாம் நாம் எண்ணுகிற விதம். மூன்று ஆனதும் எண்ணுவதை நிறுத்திவிடுகிறோம், அவ்வளவுதான்.

வார்னைப் பற்றி மதுரையில் என்ன பேச இருக்கிறது என்று நினைப்பீர்கள். நிறைய இருக்கிறது. 1998 மார்ச், சேப்பாக்கம். முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கரை 4 ரன்னில் தூக்கினார். மார்க் டெய்லர் பிடித்த கேட்ச். அந்தத் தொடருக்குத் தயாரானபோது டெண்டுல்கர், நம் லட்சுமணன் சிவராமகிருஷ்ணனைக் கூப்பிட்டு, லெக் ஸ்டம்புக்கு வெளியே கரடுமுரடான தரையில் பந்தைக் குத்தவைத்துப் பயிற்சி எடுத்திருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 155 நாட் அவுட். இந்தியா 179 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அதே பயணத்தில்தான் இந்தியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்திரேலியாவிலிருந்து வார்னுக்கு டின் டின்னாக வேகவைத்த பீன்ஸ் விமானத்தில் வந்தது. ‘சேப்பாக்கத்துக்கு வந்துட்டு இட்லி சாப்பிடாதவன் எப்படிரா ஜெயிப்பான்?’ என்று டீ மாஸ்டர் கேட்டதற்கு இதுவரை யாரிடமும் பதில் இல்லை.

ஆனால் சென்னை ரசிகர்களுக்கு வார்ன் மேல் வேறொரு கணக்கு பாக்கி இருக்கிறது. 2008, முதல் ஐபிஎல் இறுதி ஆட்டம். ராஜஸ்தானுக்குக் கேப்டனும் பயிற்சியாளரும் அவர்தான். கடைசி ஓவர் போட்டது சென்னையின் பாலாஜி. கடைசிப் பந்தில் சோஹைல் தன்வீர் அடித்த ரன்னில் கோப்பை கையை விட்டுப் போனது; அப்போது எதிர்முனையில் மட்டையோடு நின்றவர் வார்ன். பதினாலு வருடம் கழித்து அவர் இறந்த அன்றைக்கும் எங்கள் கடையில் அந்த ஓவரை மறுபடி போட்டுப் பார்த்தார்கள், பாலாஜி என்ன பந்து போட்டிருக்க வேண்டும் என்று. ஒருவர் யார்க்கர் என்றார், ஒருவர் தோனி பீல்டிங்கைத் தப்பாக வைத்தார் என்றார், கிட்டத்தட்டச் சண்டை. வார்ன் இறந்ததையே மறந்துவிட்டோம். 708 டெஸ்ட் விக்கெட் எடுத்த மனிதருக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்தச் சிரிப்பு எதுவும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. கெடுதல் செய்வது அவசரம். அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு, ஏனென்றால் பத்திரிகை மேஜைகள்தான் அந்த அவசரத்தின் பிறந்த வீடு.

பெரிய பத்திரிகைகளும் டிவிகளும் வயதான பிரபலங்களுக்கு இரங்கல் கட்டுரையை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். இதில் கொடூரம் ஒன்றும் இல்லை. ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு வாழ்க்கையை எழுத முடியாது. சில சமயம் எழுதியவர் முந்திக்கொள்வார். எலிசபெத் டெய்லர் 2011இல் இறந்தபோது நியூயார்க் டைம்ஸில் வந்த கட்டுரையை எழுதிய மெல் கஸ்ஸோ ஆறு வருடம் முன்பே இறந்துபோயிருந்தார். 2003இல் சிஎன்என் இணையதளம் தயாராக வைத்திருந்த பக்கங்கள் தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டன. பிரிட்டன் ராஜமாதாவுக்குப் போட்ட பக்கத்தை அச்சாக வைத்துத் தயாரித்திருக்கிறார்கள் போல. அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனியை அது பிரிட்டனின் செல்லப் பாட்டி என்றது. ரீகன் பக்கத்தை வைத்துச் செய்த காஸ்ட்ரோவோ சினிமா நட்சத்திரம் ஆகிவிட்டார். எங்கள் ஊர்ப் பிரமுகரின் உதவியாளர் தனி ஆள் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு ஆறுதல் வந்தது.

சிரிக்க முடிந்தவை இவை. மற்றவற்றைப் பாருங்கள். 1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையிலேயே அறிவித்தார். பம்பாய் ஆஸ்பத்திரியில் ஜே.பி. உயிரோடு இருந்தார், அக்டோபர் வரை இருந்தார். 1998இல் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் இறந்ததாக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஓர் உறுப்பினர் எழுந்து அறிவித்தார்; ஹோப் வீட்டில் காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலும் ஐந்து வருடம் இருந்து, நூறு அடித்துவிட்டுத்தான் போனார். பிராட்மேனால் முடியாதது. பீலேயை 2014இல் ஒரு தடவை, 2020இல் ஒரு தடவை என்று பெரிய செய்தி நிறுவனங்களே சாகடித்தன. அவர் நிஜமாகப் போனது 2022 டிசம்பர் 29. மரடோனா 2018 கால்பந்து உலகக் கோப்பையில் அர்ஜென்டினா–நைஜீரியா ஆட்டத்தைப் பார்க்க வந்து மயங்கினார். உடனே இறந்துவிட்டதாக ஆடியோ பரவியது. கிளப்பியவனைக் கண்டுபிடித்தால் மூன்று லட்சம் பெசோ பரிசு என்று அவர் வக்கீல் அறிவிக்கும்படி ஆயிற்று. 2020 நவம்பரில் நிஜமாகவே இறந்தபோது உலகத்தில் ஒரு பகுதி பாடகி மடோனாவுக்கு அழுதுகொண்டிருந்தது தனிக் கதை.

ஜிம்பாப்வே கேப்டன் ஹீத் ஸ்ட்ரீக் விஷயம் என்னை அசைத்தது. 2023 ஆகஸ்டில் அவர் இறந்துவிட்டதாக உடன் ஆடிய ஹென்றி ஒலாங்காவே பதிவிட்டார். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ஸ்ட்ரீக் அவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்: ரன் அவுட் தீர்ப்பை உடனே மாற்று என்று. மூன்றாவது நடுவர் திரும்பக் கூப்பிட்டுவிட்டார் என்று ஒலாங்காவும் திருத்தம் போட்டார். ஜோக் அடித்தது சாகப்போகிறவர், கவனியுங்கள். செப்டம்பர் 3ஆம் தேதி, 49 வயதில், அவர் இறந்தார். பத்து நாள் பொறுக்க யாராலும் முடியவில்லை.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 2016 டிசம்பர் 5 சாயங்காலம் சில டிவிகள் ஜெயலலிதா இறந்துவிட்டதாகப் போட்டுவிட்டன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி பாதிக் கம்பத்துக்கு இறங்கியது. ஆஸ்பத்திரி மறுத்ததும் கொடி மறுபடி ஏறியது. எங்கள் அலுவலகத்தில் முதல் பக்கத்தை இரண்டு விதமாக வடிவமைத்துத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே கடையெல்லாம் சடசடவென ஷட்டர் இறக்கும் சத்தம். இரவு 11.30க்கு உயிர் பிரிந்தது என்று நள்ளிரவுக்குப் பிறகுதான் அறிக்கை வந்தது. அந்த ஆறேழு மணி நேரம் தமிழ்நாடு பட்ட பாடு ஒரு டிவிக்கு ஐந்து நிமிடம் முந்திக்கொள்வதற்காக.

பாடகர் எஸ்.பி.பி. 2020இல் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மகன் சரண் அடிக்கடி வீடியோ போட்டு அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்லவேண்டி வந்தது. கவுண்டமணியை வாட்ஸ்அப் எத்தனையோ முறை கொன்றிருக்கிறது. தான் சாகவில்லை என்று விளக்கம் கொடுக்கும் நிலைமை, அதுவும் கவுண்டமணிக்கு! அவர் படத்தில் செந்திலை உதைத்த உதையில் பாதியாவது அந்த வதந்தியைக் கிளப்பியவனுக்குக் கொடுத்திருக்கலாம்.

வதந்திக்கு ஒரு தங்கை உண்டு: டாக்டர் வேலை பார்ப்பது. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபரில் உடற்பயிற்சி முடித்த கையோடு 46 வயதில் போனார். பெங்களூரு ஜெயதேவா இதய ஆஸ்பத்திரியில் நெஞ்சைக் காட்டப் பெரிய வரிசை. அது கூடப் பரவாயில்லை, சிலருக்கு உபயோகம். இங்கே ஆளாளுக்கு ஜிம்மை மூடு என்று தீர்ப்பு எழுதினார்கள். அதே வருடம் ஏப்ரலில் நடிகர் விவேக் போனபோது தடுப்பூசியால்தான் என்று கிளம்பிய பேச்சு எத்தனை பேரை ஊசி போடாமல் நிறுத்தியதோ. மரம் நடு மரம் நடு என்று ஊர் ஊராகச் சுற்றிய மனிதர். அவரைச் சொல்லிச் சிரித்தவர்கள் ஒரு கன்றாவது நட்டார்கள். அவர் ரத்தக்குழாயைப் பற்றிப் பேசியவர்கள் பயத்தைத்தான் நட்டார்கள்.

இறப்பு வீட்டு வாசலில் மைக்கை நீட்டி, அழும் பிள்ளையிடம் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்பதும் இதே ரகம். அங்கே சிரிப்பு சத்தமே கேட்பதில்லை. எல்லோர் முகமும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு செய்தால் எதுவும் மரியாதை ஆகிவிடும் என்று யார் சொன்னது?

நையாண்டி இரங்கலால் விளையாட்டு உலகத்துக்கு நன்மைகூட நடந்திருக்கிறது. 1882 ஆகஸ்ட் 29, ஓவல். 85 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இங்கிலாந்து 77க்குச் சுருண்டது. ஆஸ்திரேலியாவின் ஸ்பாஃபர்த் அந்த ஆட்டத்தில் எடுத்தது 14 விக்கெட். சில நாளில் ‘ஸ்போர்ட்டிங் டைம்ஸ்’ பத்திரிகையில் ரெஜினால்ட் புரூக்ஸ் என்பவர் இங்கிலாந்து கிரிக்கெட் காலமானதாக ஒரு மரண அறிவிப்பு போட்டார். உடல் எரிக்கப்பட்டுச் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் என்று. அடுத்த பயணத்தில் அந்தச் சாம்பலை மீட்டு வருவேன் என்று இங்கிலாந்து கேப்டன் ஐவோ பிளை கிளம்பினார். அரைச் சாண் உயரம்கூடத் தேறாத அந்தச் சாம்பல் கலயம் லார்ட்ஸ் மைதானத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூற்று நாற்பது வருடமாக இரண்டு நாடுகள் அந்த ஜோக்குக்காக அடித்துக்கொள்கின்றன. எந்த அரசியல் தலைவரின் இரங்கல் அறிக்கைக்கு இப்படி ஓர் ஆயுள் வாய்த்தது?

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். யாரோ பிரபலம் இறந்துவிட்டதாக உங்கள் போனில் செய்தி வந்தால், குடும்பமோ ஆஸ்பத்திரியோ சொல்லும்வரை அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். உறுதியானதும் கைகூப்பும் படத்தைத் தேடிப் போடாமல், பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு டீ சொல்லி, அந்த மனிதரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த வேடிக்கையான விஷயம் ஒன்றைச் சொல்லுங்கள். என்ன வியாதியில் போனார் என்ற ஆராய்ச்சியை டாக்டர்களிடம் விட்டுவிடுங்கள்.